முடிந்தவை: 4,312

வேலை முடிந்து வடசேரியில் பஸ் ஏறியபோது ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டவன் நான்தான். அதற்கு இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது போனை அணைத்து, பைக்குள் தள்ளி, அதன் மேல் டிபன் டப்பாவை வைத்து, டப்பாவின் மேல் கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் எழுந்து ஓடிவிடப் போகிறதா என்ன. அணைத்துவிட்டேனா? அணைத்துவிட்டேன், திரை கறுத்ததைப் பார்த்தேன். கறுத்தது அணைந்ததனாலா, தூங்கப் போனதனாலா? எடுத்துப் பார்க்கலாம். பார்க்கப் பொத்தானை அழுத்தினால் உயிர் வந்துவிடும். உயிர் வந்தால் அது செய்யும் முதல் வேலை வீட்டு சர்வரிடம் ஓடிப்போய், இவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டான், நீயும் அழித்துவிடு என்று சொல்வதுதான். வேண்டாம். கிடக்கட்டும். முடிந்தவை: 0. அப்படித்தான் காட்டியது. நேற்று மாலை முடிந்தவை 4,312 என்று இருந்த அதே இடத்தில் ஒரு முட்டை. எலேய் டைட்டஸ், நீ ஒரு நூலகர், இருபத்திரண்டு வருடமாக ஒரு கல்லூரியின் புத்தகங்களை ஒன்றுகூடத் தொலையாமல் காத்தவன் என்று போன ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள், உன் வீட்டு விஷயத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டாய். காலை எட்டு ஐந்துக்கு. பஸ் வருகிறதா என்று ஒரு கண், திரையில் ஒரு கண். புது வேலைப்பட்டியல் செயலியில் மூன்று புள்ளியைத் தொட்டேன், பட்டியல் விரிந்தது, நாலாவதைத் தொட்டேன். பழைய செயலியில் நாலாவது, முடிந்தவற்றை மறை. ஏழு வருடம் தொட்ட இடம், விரலுக்கே தெரியும். புதியதில் நாலாவது, முடிந்தவற்றை நீக்கு. உறுதியா என்று கேட்டது. கேட்டது, பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே கேட்டது. ஆம் என்றேன். பஸ் வந்துவிட்டது. அழகாக, சுத்தமாக, துடைத்த பலகையாக இருந்தது திரை. நல்ல வடிவமைப்பு, ஒன்பது மதிப்பெண் கொடுக்கலாம் என்று வேறு நினைத்தேன்.

ஒன்பது. யாருக்கு வேண்டும் இந்த மதிப்பெண்? வருகிற ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் கட்டற்ற மென்பொருள் குழுவின் கூட்டம், வருகிறவர்கள் பதினான்கு பேர், அதில் நாலு பேர் வடைக்காக வருகிறவர்கள். அவர்களுக்கு நான் ஆண்ட்ராய்டில் கோப்பு சேமிக்க எது நல்லது, வேலைப் பட்டியலுக்கு எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். எல்லாம் திறமூலம், மூலநிரலை யாரும் திறந்து படிக்கலாம், ஒளிவுமறைவு கிடையாது. அவற்றுக்கெல்லாம் இங்கிலீஷில் ஏதேதோ பெயர். எனக்கு நான் வைத்த பெயர்தான் வாயில் வரும். கோப்புக்கு இரண்டு: பரண், தூது. பரண் எதைப் போட்டாலும் வைத்துக்கொள்ளும், மெதுவாக ஊரும், சார்ஜைத் தின்னும், அழித்ததை முப்பது நாள் குப்பைத்தொட்டியில் வைத்திருந்து பிறகுதான் வெளியே கொட்டும். தூது வேகம், இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் வந்துவிடும், இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழிந்துவிடும். தூதின் கீழே குப்பைத்தொட்டி என்ற தேவையற்ற சுமை இல்லை என்று போன வாரம் எழுதி வைத்தேன். நான்தான் எழுதினேன். தேவையற்ற சுமையாம். வேலைப் பட்டியலுக்கும் இரண்டு: எறும்பு, வெண்பலகை. எறும்பு அவலட்சணம், எழுத்து பொடி, திறக்க ஆறு விநாடி, ஆனால் ஏழு வருடத்தில் ஒரு வரியைத் தொலைத்ததில்லை. வெண்பலகை நேற்று மாலை நூலகத்தில் உட்கார்ந்து இறக்கியது. காலிப் பட்டியலை வைத்துச் சோதித்தால் என்ன தெரியும், நிஜமானதை வைத்துத்தானே தெரியும் என்று வீட்டுக் கணக்கையே அதில் இணைத்தேன். சமையல் தெரிகிறதா என்று பார்க்க யாராவது கல்யாண வீட்டு அடுப்பைக் கொடுப்பார்களா? நான் கொடுத்தேன். இன்று மாலை இந்த பஸ்ஸில் ஏறி, மஸ்கட்டிலிருந்து ஹெப்சி புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று திறந்தேன். ஒன்றும் இல்லை. மேலே ஓரத்தில் ஒரு ஆரஞ்சுக் குறி, ஆச்சரியக்குறி மாதிரி. காரணமில்லாமல் பயமுறுத்துகிறது, ஒரு மதிப்பெண் குறை என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். பிறகு கீழே தள்ளினேன். அப்போதுதான் முட்டை.

சுங்கான்கடை. மழை இல்லை, ஆனால் வானம் உம்மென்று இருக்கிறது, ஐப்பசி. ஹெப்சி மஸ்கட்டில் இப்போது வார்டில் நின்றுகொண்டிருப்பாள், அங்கே மணி நாலுகூட ஆகியிருக்காது. ஹெப்சிபா, என் மனைவி, நர்ஸ், போய் ஏழு வருடம், வருடத்துக்கு ஒரு மாதம் வருவாள். போன் பேசுவோம், எல்லோரும்போல. பேசினால் அவள் பக்கம் அறையில் மூன்று பேர், என் பக்கம் அப்பா, காது மந்தமானாலும் அவருக்கு வேண்டியது மட்டும் கேட்கும். அதனால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, மழை, ஆஷ்னா பேசினாளா, பேசினாள். மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் இருக்கிறாள், அவளிடமும் இதே மூன்று கேள்வி. மற்றதெல்லாம் எறும்பில். அது எப்படி ஆரம்பித்தது என்றால், முதல் மாதம் கேஸ் புக் பண்ணவும் என்று ஒரு வேலை போட்டாள். நான் செய்து டிக் போட்டேன். வேலைக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கும். அதில் அவள், ராத்திரி நீங்க இருமுற சத்தம் கேட்டு எழும்பி உட்காந்தேன், பாத்தா இருமுனது ரூம்ல உள்ள பிள்ளை என்று எழுதினாள். நான் பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன், இந்த பஸ்ஸில் வைத்து நினைக்கக்கூட வெட்கம். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். மோட்டாருக்கு வாஷர் மாத்தணும் என்பதன் கீழே ஒரு பக்கம் அழுகை. ஆஷ்னாவுக்கு தடுப்பூசி என்பதன் கீழே ஒரு சண்டை, பதினோரு நாள் நடந்த சண்டை, பிறகு சமாதானம். டிக் போட்டதும் அது மறைந்து முடிந்தவைக்குள் போய்விடும், யார் கண்ணிலும் படாது. இதை ஏதோ ஒரு கம்பெனியின் கிடங்கில் வைக்க எனக்கு மனசு வரவில்லை, அதற்காகத்தான் சர்வரையே வீட்டில் வைத்தேன். சர்வர் என்பது பெரிய வார்த்தை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அலமாரியில், பைபிளுக்குக் கீழ்த்தட்டில், மோடத்தோடு ஒட்டி இரவும் பகலும் ஓடும் பழைய லேப்டாப், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் திருடக் கூடாது என்று அத்தனை பூட்டுப் போட்டேன். வீட்டுக்காரன் அழிப்பான் என்று நினைக்கவில்லை.

அதிலும் ஒன்று இருக்கிறது. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் மதிப்பெண், வடை என்று சுற்றிக்கொண்டு வந்தேன், வில்லுக்குறி வளைவில் அது தானாக வந்து மடியில் உட்கார்ந்துவிட்டது. மூன்று வருடம் முன்னால் ஜூன் மாதம் அவள் அம்மா இறந்தார்கள். அவள் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்க ஆபீஸில் கிடந்தது, வர வழியில்லை. போனில் கத்தி அழுதாள், பிறகு போனை வைத்துவிட்டாள், பிறகு எடுக்கவே இல்லை. மத்தியானம் இரண்டு பத்துக்கு எறும்பு சத்தம் போட்டது. புதிய வேலை: எனக்காக ஒரு பிடி மண். அவ்வளவுதான். கீழே குறிப்பு எதுவும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஜெபம் முடித்ததும் வரிசையாக மண் போட்டார்கள். நான் என் பங்குக்கு ஒரு பிடி போட்டேன், திரும்பவும் வரிசையில் போய் நின்று இன்னொரு பிடி போட்டேன். இவன் என்ன இரண்டு தடவை போடுகிறான் என்று அவள் சித்தப்பா பார்த்தார். பார்க்கட்டும். அங்கேயே நின்று மண் ஒட்டிய பெருவிரலால் டிக் போட்டேன். நாலு நாற்பத்தேழு. ஒரு வாரம் கழித்து அதன் கீழே எழுதினாள்: உங்க நாலு நாப்பத்தேழுக்கு நான் மருந்து ட்ரே தள்ளிட்டு நின்னேன், கையெல்லாம் நரநரன்னு இருந்துச்சு, போய் கழுவிட்டு வந்தேன். பிறகு ஒரு தடவை லீவில் வந்தபோது சொன்னாள், மனசு சரியில்லாத நாளில் டூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது முடிந்தவையைத் திறந்து அடியிலிருந்து படித்துக்கொண்டு வருவாளாம், அந்த நாலு நாற்பத்தேழு வரைக்கும். எங்க அம்மையை நான் அடக்கம் பண்ணினதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி என்றாள். சாட்சியை அழித்துவிட்டேன். அழித்துவிட்டு ஒன்பது மதிப்பெண் கொடுத்தேன்.

இரு, இரு, நிதானம். அழிந்தது என் போனில். சர்வரில் அழிந்ததா? அதுதானே கேள்வி. காலை எட்டு ஐந்துக்கு நான் எங்கே நின்றேன்? வீட்டு வைஃபை கேட் வரை வரும், கேட் தாண்டி ராஜமணி வீட்டு மதில் பாதி வரை வரும், அதற்கப்புறம் வராது. வைஃபையில் மட்டும் இணைக்க என்று நான் வைத்திருந்தால், மதிலுக்கு அப்பால் நின்றிருந்தால், தப்பித்தது. மதிலில் தேர்தல் சுவரெழுத்து இருக்கும், அதைப் பார்த்த நினைவு இல்லை. நாய் குரைத்தது. ராஜமணி வீட்டு நாய் மதில் முடியும் இடத்தில்தான் குரைக்கும். ஆனால் அது அழுத்துவதற்கு முன்னால் குரைத்ததா, பின்னால் குரைத்ததா? பின்னால். இல்லை, முன்னால். சரி, பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டேன் என்று வைத்துக்கொள், பஸ் வந்ததே. வந்தது, ஆனால் வளைவில் வருவதை மதில் பக்கம் நின்றாலே பார்க்கலாம். அட, வைஃபையில் மட்டும் என்று வைத்தது எறும்பில் அல்லவா, வெண்பலகையில் வைத்தேனா? அதைக் குறிப்பெடுத்தேன், குறிப்பு போனில், போன் டப்பாவுக்கு அடியில். இப்படி நாயையும் மதிலையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவனுக்கு புலியூர்க்குறிச்சி வரும்போது கல்லூரி ஞாபகம் வந்தது. கல்லூரி வைஃபை. ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை போன் என் மேசை இழுப்பறையில், கல்லூரி வைஃபையில், குளிர்ச்சியாக, எட்டு மணி நேரம். நான் எங்கே நின்று அழுத்தினால் என்ன? போய்விட்டது. எட்டு மணி நேரத்தில் எட்டாயிரம் தடவை போயிருக்கும். சர்வர் இப்போது துடைத்த பலகை. உண்மையாகவே பயந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்பாவின் நெஞ்சுவலிக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

"அண்ணே, மேலுக்கு வல்லதும் செய்யுதா? இப்பிடி வேர்த்து வடியுதே." பக்கத்தில் இருந்த பெண், மடியில் ஒரு பை நிறைய மரச்சீனிக் கிழங்கு. ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாமலா முகம் இப்பிடி வெளுக்கும். வீட்டுக்கு விளிச்சுச் சொல்லுங்க, யாராவது வந்து நிக்கட்டும். போன் இல்லியா? இந்தாங்க." நீட்டியே விட்டாள். நல்ல மனசு. வாங்கிவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டு, அப்பா, அலமாரியில் இருக்கிற பிளக்கைப் பிடுங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏனென்றால், இது அப்போதுதான் புத்தியில் உறைத்தது, இன்னும் ஒரு இடத்தில் அந்த நாலாயிரமும் உயிரோடு இருக்கும். ஹெப்சியின் போனில். அது அவள் லாக்கரில் அணைந்து கிடக்கும். டூட்டி முடிந்து அவள் எடுப்பது அவர்கள் ஏழு மணி, நம்முடைய எட்டரை. எடுத்ததும் அது சர்வரைப் பார்க்கும், சர்வர் அழித்துவிடு என்று சொல்லும், சொன்ன பேச்சைக் கேட்கும். எட்டரைக்கு முன்னால் சர்வரின் வாயை அடைத்துவிட்டால் அது சொல்லவே முடியாது. பிளக்கைப் பிடுங்கினால் போதும், அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து மூன்று வருடம், அந்த நொடியே அணைந்துவிடும். அந்தப் பெண்ணின் போனில் எண்ணை அழுத்தினேன், காதில் வைத்தேன். நீங்கள் தொடர்புகொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. என் எண். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என்னுடைய எண்தான், அதைத்தான் அழுத்தியிருக்கிறேன். அப்பாவின் எண் என்ன? ஒன்பது நாலு நாலு மூன்று, அதற்கப்புறம் மூடுபனி. சரி, ஒரு சந்தேகம் தீர்ந்தது, போன் அணைந்துதான் இருக்கிறது. சிரிப்பு வந்தது, சிரித்தேன், அவள் போனைக் கொஞ்சம் அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அப்பாவைக் கூப்பிட்டும் பயனில்லை. இந்நேரம் அவர் சாமியார்மடம் சந்திப்பில் சாயாக் கடையில் இருப்பார், போன் தலையணைக்கு அடியில் இருக்கும்.

பிளக். பிளக்கைப் பிடுங்கு என்று அவரிடம் சொல்ல நான் தவிக்கிறேன், இது உலகத்துக்குத் தெரிந்தால் மானம் போகும். ஏனென்றால் அந்த வீட்டில் ஏழு வருடமாக நான் போடும் சத்தமெல்லாம் பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்பதுதான். அப்பா செல்லையன், மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் நின்றவர், இடியைப் பற்றி எவன் சொன்னாலும் கேட்க மாட்டார். தூரத்தில் ஒரு உறுமல் கேட்டால் போதும், டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, மோடம், லேப்டாப், ஒவ்வொரு பிளக்காக ஊரிக்கொண்டே, அதாவது பிடுங்கிக்கொண்டே வருவார். அப்பா, அது சர்வர், திடீரென்று அணைந்தால் டிஸ்க் கெட்டுவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். போன வாரம்கூட ஏசினேன். கொஞ்சம் அதிகமாகவே ஏசினேன். நீங்க கம்பத்துல ஏறின காலம் போச்சு, இப்ப உள்ளதுக்கெல்லாம் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றார். இன்றைக்கு இடி இடிக்கக் கூடாதா, ஒரே ஒரு இடி, அவர் வீட்டில் இருந்து, ஒரே ஒரு பிளக். ஆனால் இப்போது பிடுங்கினால் சர்வர் மேற்கொண்டு சொல்லாது என்பது மட்டும்தான், அதில் உள்ளது காலையிலேயே போனதுதான். மிச்சம் அவள் போன். அதை எப்படிக் காப்பாற்றுவது? எட்டரைக்கு அவள் போனை எடுத்ததும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், ஹெப்சி, ஒன்றும் தொடாதே, நான் சொல்கிறபடி செய். ஏன் என்று கேட்பாள். கேட்காமல் இருப்பாளா. நான் அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையுமா என்பாள். அதையுமா என்பாள். அதையும்தான் என்று எந்த வாயால் சொல்வேன்? தக்கலையில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி, பின்னால் நாலு பஸ், எல்லோரும் ஹாரனை அழுத்திக்கொண்டு. மணி ஆறு ஐந்து.

அதுவும் இல்லாமல் அவள் ஏற்கெனவே கோபமாக இருக்கிறாள். இருக்கிறாளா? நேற்று மாலை ஏழு மணிக்கு அப்புறம் அவளிடமிருந்து ஒரு வேலையும் வரவில்லை. ஏழு வருடத்தில் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை, காலையில் நான் எழும்போது குறைந்தது இரண்டு இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள், லீவு டிசம்பரில் போடவா, ஏப்ரலில் போடவா என்று. நான் உன் இஷ்டம் என்றேன். அப்பா எதிரில் உட்கார்ந்து காரல் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார், வேறு என்ன சொல்வது? டிசம்பரில் வா, கிறிஸ்மஸுக்கு வா, நாலு வருடமாகக் குடிலுக்கு நட்சத்திரம் நான் ஒருவனே கட்டுகிறேன் என்று மீன் முள்ளுக்கு நடுவில் சொல்ல முடியுமா? பிறகு எறும்பில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. வெண்பலகை வந்துவிட்டது, மதிப்பெண் போடும் வேலை வந்துவிட்டது. உன் இஷ்டம் என்றால் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்? எனக்கு ஒன்றும் இல்லை, வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றுதான் கேட்டிருக்கும். அதுதான் எழுதவில்லை. கடைசியாக அவளுக்குச் சொன்ன வார்த்தை உன் இஷ்டம், அடுத்தது அழித்துவிட்டேன். நல்ல வரிசை. பேக்கப் எடுத்திருந்தால் இந்தத் தவிப்பு, இந்த வெப்ராளம் எதுவும் இல்லை. புகைப்படங்களுக்கு பேக்கப் இருக்கிறது, பரணில், இரண்டு பிரதி. ரேஷன் கார்டுக்கு மூன்று பிரதி. இந்தப் பட்டியலுக்கு மட்டும் இல்லை. வேலைப் பட்டியலை பேக்கப் எடுக்க என்று ஒரு வேலை இரண்டு வருடமாகச் சிவப்பு நிறத்தில் பட்டியலின் தலையிலேயே நிற்கிறது. அது இன்னும் முடியாத வேலை என்பதால் வெண்பலகை அதை மட்டும் அழிக்காமல் விட்டுவைத்தது. லாரி நகர்ந்தது. அழகியமண்டபத்தில் கிழங்குப் பெண் இறங்கினாள். இறங்கும்போது, "பைய போங்க அண்ணே, ஒண்ணும் வராது" என்றாள். சாமியார்மடம் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன், ஒண்ணும் வராது, ஒண்ணும் வராது.

ஆறு ஐம்பதுக்கு இறங்கி நடந்தேன், நடந்தேன் என்றால் ஓடினேன், நாற்பத்தொன்பது வயதில் செருப்போடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. ராஜமணி வீட்டு மதில். நாய் குரைத்தது. சுவரெழுத்தைத் தாண்டித்தான் குரைக்கிறது என்பதைக் கவனித்தேன், இனி அது எதற்கு. கேட் திறந்து கிடந்தது. அப்பா சாயாக் கடையிலிருந்து வந்துவிட்டார், முன்னறையில் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் அலமாரியின் முன்னால் மண்டியிட்டு, பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன். பிடுங்க அங்கே ஒன்றும் இல்லை. சுவரில் மூன்று துளை, வெறும் மூன்று துளை. மோடத்தின் வயர் தரையில் கிடந்தது, லேப்டாப்பின் வயர் அதன் மேல் கிடந்தது. மோடத்தில் ஒரு விளக்கும் இல்லை. கையை நீட்டியபடியே இருந்தேன்.

"நேத்து சாயங்காலம் ஊரினதாக்கும்" என்றார் அப்பா பின்னாலிருந்து. "நீ ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தே. ஏழு மணிக்கு இடி வெட்டிச்சு பாரு, சன்னல் கம்பி எல்லாம் அதிர்ந்து போச்சு. ஊரிப் போட்டேன். திரும்பச் சொருக மறந்துட்டேன் மக்கா. இப்ப நீ ஓடி வந்தப்பதான் ஓர்மை வந்துச்சு. ஏசணும்னா ஏசு."

நேற்று ஏழு மணி. நேற்று ஏழு மணியிலிருந்து. என் விரல் மதிலுக்கு இப்பால் இருந்தால் என்ன, அப்பால் இருந்தால் என்ன, கல்லூரி வைஃபை எட்டாயிரம் தடவை கதவைத் தட்டியிருந்தால்தான் என்ன, இங்கே திறக்க ஆளே இல்லை. அந்த ஆரஞ்சுக் குறி அதைத்தான் சொல்லியிருக்கிறது பாவம், சர்வரைக் காணோம், சர்வரைக் காணோம் என்று. அதற்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பிலிருந்து ஏதோ ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தார்கள். சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. "என்னலே, என்ன பற்றிச்சு?" என்று அப்பா குனிந்தார். "ஒண்ணுமில்லப்பா. ஏசல்ல. நல்ல காரியம் செஞ்சீங்க. சாயா குடிச்சீங்களா?" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. நல்ல காரியம் என்று அந்த அலமாரியின் முன்னால் அவர் இதுவரை கேட்டதில்லை. கொஞ்ச நேரம் என் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுப்படிக்குப் போய் அவரே சாயா போட்டார், சீனி அதிகமாக.

அப்புறம் செய்ததெல்லாம் நிதானமாகச் செய்தேன், புத்தகத்துக்கு எண் ஒட்டுகிற மாதிரி. மோடத்தைத் தொடவில்லை. லேப்டாப்பை மட்டும் சொருகினேன். திடீரென்று அணைந்த டிஸ்க், எழும்புமோ எழும்பாதோ என்று ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழும்பிவிட்டது. திறந்தேன். முடிந்தவை: 4,312. ஜூன் மாதத்துக்குப் போனேன். எனக்காக ஒரு பிடி மண். மாலை நாலு நாற்பத்தேழு. அங்கேயே இருந்தது, அதன் கீழே அவளுடைய இரண்டு வரியோடு. மொத்தத்தையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன், இன்னொரு பென் டிரைவில் இன்னொரு பிரதி, அதை அப்பாவின் பெட்டியில் மின்வாரிய அடையாள அட்டைக்கு அடியில் வைத்தேன். அதன் பிறகே டப்பாவுக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன். அது கிளம்பும்போதே எதையும் தேடிப் போய்விடாதபடி மோடம் அணைந்தே இருந்தது. போனை எல்லா இணைப்பிலிருந்தும் துண்டித்து, வெண்பலகையை நீக்கினேன். உறுதியா என்று கேட்டது. இந்தத் தடவை இரண்டு முறை வாசித்துவிட்டு ஆம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வேன் என்றும் முடிவாகிவிட்டது: அழகுக்கு மதிப்பெண் கிடையாது, வேகத்துக்கும் கிடையாது, அழித்ததைத் திருப்பித் தருகிறதா என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். இந்த வருடம் பரணுக்கும் எறும்புக்கும்தான் முதல் மார்க். என் கதையைச் சொல்ல மாட்டேன், வடைக்கு வருகிறவர்கள் ஊரெல்லாம் பரப்பிவிடுவார்கள். எட்டு மணிக்கு மோடத்தைச் சொருகினேன், எறும்பைத் திறந்தேன். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டும் பொடி எழுத்தில், ஆறு விநாடி எடுத்து, முனகிக்கொண்டே வந்து சேர்ந்தன. வேலைப் பட்டியலை பேக்கப் எடுக்க என்பதற்கு டிக் போட்டேன். இரண்டு வருடச் சிவப்பு போயிற்று.

எட்டு முப்பத்திரண்டுக்கு எறும்பு சத்தம் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நேற்றிலிருந்து அவள் போனில் காத்துக்கிடந்தவை. ஆஷ்னாவுக்குப் புது ஜாமெட்ரி பாக்ஸ். அடுத்தது, டிசம்பர் பத்தொன்பது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு கார் சொல்லி வைக்க, அதன் கீழே குறிப்பு: என் இஷ்டம்னு சொன்னீங்கல்ல, இதுதான் என் இஷ்டம். அதைப் படித்துவிட்டு அப்பா பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது, நேற்று ராத்திரி எழுதியது: மாமாவை ஏச வேண்டாம். கீழே, இன்னைக்கு எனக்கு ஆஃப், உங்க ஏழு மணியில இருந்து சர்வர் எடுக்கல, அங்க இடி வெட்டியிருக்கும், மாமா பிளக்கை ஊரியிருப்பாங்க, நீங்க சத்தம் போட்டு பெகளம் வைப்பீங்க, பாவம், வயசானவங்க. முன்னறையில் அப்பா மோடத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மேற்கே எங்கோ ஒரு உறுமல் கேட்டது, அவர் என் முகத்தைப் பார்த்தார். "பிளக்கை ஊரிருங்கப்பா" என்றேன். அவர் எழுந்து வருவதற்குள் மூன்றாவதற்கு டிக் போட்டேன். முடிந்தவை: 4,314.